காட்டூர் வகுத்த கவிஞரும் கல்வெட்டும்

கற்பனையில் ஓர் ஊரைக் கட்டி அதில் மக்களைக் குடியேற்றுதல் கவிஞர்க்குப் புதிய தொழில் அன்று. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கில மொழிப் பேராசிரியராக விளங்கிய டோல்கீன், 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்னும் பெருங்கதையில் எல்ஃப் என்னும் கற்பனை இனத்தார்க்கு ஒரு காட்டூரைப் படைத்தார். பொன்னிற இலை பூண்ட நெடுமரங்களின் கிளைகளில் தளம் அமைத்து அம்மக்கள் வாழ்கின்றனர். முதலில் மொழிகளைப் புனைந்து, அவற்றைப் பேசுதற்கு உரிய மக்களையும் நிலத்தையும் பின்னர் அமைத்ததாக அவரே கூறியுள்ளார். 2001 முதல் 2003 வரை அக்கதை திரைப்படங்களாக வந்த பின்னர் அக்காடு உலகெங்கும் அறிமுகமாயிற்று. தமிழில் இன்று எழுதவரும் இளையோர்க்கும் காட்டூர் என்றவுடன் வெள்ளி விளக்குகள் தொங்கும் அந்த மரமாளிகையே நினைவுக்கு வருவதில் வியப்பில்லை.

மரத்தின் உயரத்தில் தளம் கட்டும் வழக்கம் தமிழுக்கும் அயலானது அன்று. இதணம், பரண், கழுது, பணவை எனப் பல சொற்கள் அதற்கு உள்ளன. ஆனால் எல்ஃப் மக்களின் தளம் குடியிருப்பு; குறிஞ்சி நிலத்துப் பரணோ தினைப்புனத்துக் காவலிடம். கிளி கதிரைக் கொய்யாமலும் யானை புனத்தை உழக்காமலும் காப்பதற்கு எழுந்தது அது. ஊரைப் பாடப் புகும் தமிழ்ப்புலவன் முதலில் கேட்கும் கேள்வி, 'இங்குள்ளோர் எதை உண்கின்றனர்?' என்பதாகவே இருந்திருக்கிறது.

இதனைத் தொல்காப்பியம் முறைப்படுத்திக் காட்டுகிறது. பொருளதிகாரம் கூறும் கருப்பொருள் பட்டியலைப் பள்ளி மாணவரும் மனப்பாடம் செய்வர். செய்தபின் மறந்தும் விடுவர். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்னும் எட்டும் ஒரு நிலத்துக்கு ஒன்றோடொன்று இணங்கி அமைதல் வேண்டும் என்பது அதன் கருத்து. தேர்வுக்குரிய பட்டியலாக அன்றி, ஊர் வகுக்கும் கையேடாக அதனைப் படித்துப் பார்த்தல் தகும். மரத்தை மாற்றினால் கூரை மாறும். தொழிலை மாற்றினால் முற்றம் மாறும். யாழை மாற்றினால் மாலைப்பொழுதே மாறிவிடும். பிற்கால அகப்பொருள் நூலார் ஊர்ப்பெயரையும் இப்பட்டியலில் சேர்த்துக் குறிஞ்சிக்குச் சிறுகுடி, முல்லைக்குப் பாடி, பாலைக்குக் குறும்பு, நெய்தற்குப் பாக்கம், பட்டினம் என வகுத்தனர்.

இக்கையேட்டைக் கொண்டு ஒரு நாடு முழுவதையும் வகுத்துக் காட்டிய புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அவர் வகுத்த நாடு தொண்டை நாடு. காஞ்சியில் இருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனை நாடிச் செல்லுமாறு ஒரு பாணனை ஆற்றுப்படுத்தும் பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளால் ஆனது. உ. வே. சாமிநாதையர் 1889 ஆம் ஆண்டில் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தபோது அந்நாட்டு வழிகள் மீண்டும் திறந்தன. பாணன் நடக்கும் வழியெல்லாம் ஊர்கள். ஒவ்வோர் ஊரும் வேறொரு பொருளால் கட்டப்பட்டது.

முதலில் எதிர்ப்படுவது எயினரின் குடிசை. ஈந்தின் இலையால் வேய்ந்த அதன் கூரை முள்ளம்பன்றியின் முதுகைப்போல் சிலிர்த்து நிற்கிறது. உள்ளே மான்தோல் படுக்கையில் குழந்தையை அணைத்தபடி ஈன்ற தாய் ஒருத்தி படுத்திருக்க, ஏனைய பெண்டிர் இரும்புமுனை பூட்டிய கோலால் கரம்பை நிலத்தைக் கிளறிப் புல்லரிசி திரட்டி வருகின்றனர். முன்றிலில் நிற்பது விளாமரம். அதன் அடி தேய்ந்திருக்கிறது. வேட்டைக்குப் பார்வைமானாகப் பழக்கிய விலங்கை அதில் கட்டிக் கட்டித் தேய்ந்த தேய்வு அது. மரத்து நிழலிலேயே நில உரல். ஆழக் கிணற்றில் அரிதாக ஊறும் உவர்நீர், விளிம்பு சிதைந்த பானை, உடைந்த அடுப்பு, உப்புக்கண்டமிட்டு உலர்த்திய இறைச்சி. வரும் பாணர் சுற்றத்துக்கு அந்தச் சோறும் ஊனும் தேக்கிலையில் குவித்துத் தரப்படும் என்கிறார் புலவர். வறுமையை மறைக்காமலும் அதற்காக இரங்கி நிற்காமலும் ஒரு வீட்டைக் கட்டி முடித்துவிடும் இவ்வாற்றல் பிற்காலத்தில் அருகிப் போயிற்று எனலாம்.

அடுத்து வருவது அவ்வெயினரின் அரணமைந்த குடியிருப்பு. ஊகம்புல் வேய்ந்த உயர்ந்த இல்லங்கள், மலைத்தேனடை போல் தொங்கும் அம்புக்கட்டுகள், பந்தற்காலில் தொங்கும் துடி, சங்கிலியில் கட்டிய நாய், முள்வேலி, அதற்கும் அப்பால் சூழ்ந்த காவற்காடு. இங்கே காடு ஊருக்கு வெளியே நிற்கும் இடம் அன்று, ஊரின் மதில். காவற்காட்டை மிளை என்று தனிச்சொல்லால் குறித்த மொழி, காட்டைக் குடியிருப்பின் ஓர் உறுப்பாகவே எண்ணியது என்க.

முல்லை நிலத்தில் இன்னும் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. கழிகளை நெருங்கக் கட்டிய கதவு, தோற்படுக்கையில் உறங்கும் காவலன், குறுந்தறிகளில் நெடுங்கயிறு, செம்மறியும் வெள்ளாடும் கிடக்கும் எருப்பட்ட முற்றம். ஆய்மகள் மோர் விற்றுத் தானியம் பெற்றுச் சுற்றத்தை உண்பிக்கிறாள். நெய்விலைக்குப் பொன்னை ஏற்க மறுத்து எருமையும் நல்லாவும் கன்றுமாகப் பெறுகிறாள். பொன் மேயாது, ஈனாது என்பது அவளுக்குத் தெரியும் போலும். அவ்வீட்டு இடையன் தீக்கடைகோலால் எழுப்பிய நெருப்பைக்கொண்டு மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்கிறான். அது சலித்தால் குமிழமரத்தின் துளையுடைய கொம்பை வில்லாக வளைத்து, மரல்நாரை நரம்பாகக் கட்டி யாழ் இசைக்கிறான். இசைக்கருவி கூடக் கைக்கெட்டும் தொலைவிலுள்ள மரத்திலிருந்தே வருகிறது. டோல்கீனின் காட்டில் பாட்டு உண்டு; அப்பாட்டுக்கு வேண்டிய நரம்பு எந்தச் செடியின் நார் என்னும் அளவுக்குப் போவது கண்ணனாரின் வழி.

அம்முல்லையை ஒட்டியே வரகு விளைக்கும் உழவரின் சீறூர். பெண்யானைக் கூட்டம்போல் முற்றத்தில் நிற்கும் குதிர்கள், யானைக்கால் போன்ற திரிகை, சுவரில் சார்த்திய வண்டிச் சக்கரமும் கலப்பையும், சார்த்திச் சார்த்தித் தேய்ந்த சுவர், புகை படிந்த கொட்டில், வரகுவைக்கோல் கூரை. எயினர் வீட்டில் மரம் தேய்ந்தது; இங்கே சுவர் தேய்கிறது. ஊர் புதிதாகப் புனையப்பட்டதாகத் தோன்றாமல், நெடுங்காலம் வாழ்ந்து பழகியதாகத் தோன்றுவதற்கு இத்தேய்வுகளே காரணம்.

மருதமும் நெய்தலும் கடந்து பாணன் மறைகாப்பாளர் உறைபதியையும் அடைகிறான். பந்தற்காலில் கன்று கட்டியிருக்கிறது. சாணம் மெழுகிய தரை. கோழியும் நாயும் அண்டாத மனை. மறையோசையைக் கற்றுச் சொல்லும் கிளி. எயினர் குடிசைக்கு என்ன இடம் தந்தாரோ, ஏறத்தாழ அதே இடத்தையே இதற்கும் புலவர் தருகிறார். வழியில் அது ஓர் ஊர், அவ்வளவே.

பாட்டில் ஓர் ஊராக வந்த இவ்வகைப் பதி, சில நூற்றாண்டுகளுக்குப் பின் அதே தொண்டை நாட்டில் கல்லில் எழுந்தது. காலியூர்க் கோட்டத்து உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம் எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மப் பல்லவன் காலத்தில் பிரமதேயமாக அமைந்த ஊர். தானே வளர்ந்த ஊர் அன்று இது, வகுத்த ஊர். கல்வெட்டுகள் நிலத்தைக் குறிக்கும் முறையே அதற்குச் சான்று. இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதுரம் என்று கூறிவிட்டால் ஒரு துண்டு நிலத்தை விரல்வைத்துக் காட்டிவிடலாம். குறுக்கும் நெடுக்குமாக வதியும் வாய்க்காலும் ஓட, இடைப்பட்ட நிலம் எண்ணிடப்பட்ட சதுரங்களாகப் பிரிந்தது. மானசாரம் முதலிய சிற்பநூல்கள் ஊர்களை வடிவத்தால் வகைப்படுத்துவதை ஏட்டளவில் அறிந்தோர்க்கு, அவ்வெண்ணம் வயலில் இறங்கியதை இங்கே காண இயலும். ஊருக்கு நீர் தந்த பெரிய ஏரி, தந்திவர்மனின் சிறப்புப்பெயரால் வயிரமேக தடாகம் எனப்பட்டது.

வைகுந்தப்பெருமாள் கோயில் மண்டபத்தில் முதலாம் பராந்தகனின் 12, 14 ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறித்த குடவோலைக் கல்வெட்டுகளைத் தமிழுலகம் அறியும். நீலகண்ட சாத்திரியார் 1932 ஆம் ஆண்டு நூலில் அவற்றை விரிவாக ஆராய்ந்தார். பிரான்சுவா குரோவும் இரா. நாகசாமியும் 1970 ஆம் ஆண்டில் இவ்வூரைப் பற்றியே பிரெஞ்சு மொழியில் ஒரு நூல் வெளியிட்டனர். 30 குடும்புகள்; சம்வத்சர வாரியம் 12 பேர், தோட்ட வாரியம் 12 பேர், ஏரி வாரியம் 6 பேர்; ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, சூதறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். கணக்குக் காட்டாதவனும் அவன் சுற்றத்தாரும் விலக்கப்பட்டனர். இவ்வொழுங்கு பெருமைக்குரியது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் 'மக்களாட்சியின் தொட்டில்' என்று விழாமேடைகளில் முழங்குவோர் ஒரு வரியை விரைந்து கடந்துவிடுகின்றனர். ஓலையில் பெயர் ஏற, வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள் இருத்தல் வேண்டும். மந்திர பிராமணம் அறிந்திருத்தல் வேண்டும். வேதப்புலமை மிகுந்தவர்க்கு அரைக்கால் வேலி போதும். ஈந்திலைக் குரம்பைக்கு இக்குடத்தில் ஓலை இல்லை. ஆட்டுக்கிடைக்கும் இல்லை, வரகுக் குதிருக்கும் இல்லை. ஊர் என்று பாட்டு ஏழெட்டை எண்ணியது. இவ்விரு கல்வெட்டுகள் ஊர் எனக் கொண்டு பேசுவது ஒன்றை மட்டுமே. மரமும் இவற்றில் தோட்டமாகவே, ஒரு வாரியத்தின் பொறுப்பாகவே வருகிறது.

பாட்டை அளவுக்கு மீறி உயர்த்துவதும் முறையாகாது. ஆற்றுப்படை, புரவலன் புகழ் பாடும் இலக்கியம். அவன் நாட்டில் எவ்வூரும் விருந்தோம்பும் ஊராகவே இருந்தாக வேண்டும். எயினர் வாய்திறந்து தம் கதையைச் சொல்லவும் இல்லை. கல்வெட்டோ சபையின் ஆவணம். சபைக்குரியதைப் பேசுவதே அதன் கடமை. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது நேர்மையன்று. எனினும் தொண்டை நாட்டின் வரலாற்றைக் கல்வெட்டிலிருந்து மட்டும் எழுதுவோர், பாட்டில் நின்ற வீடுகளைத் தம்மை அறியாமலே இடித்துவிடுகின்றனர். குறும்பர் என்னும் ஆயர்குடியினர் முன்னர் வாழ்ந்த காட்டுநாட்டை ஆதொண்டன் வென்று காடு திருத்தி வேளாளரைக் குடியேற்றினான் என்னும் தொண்டைமண்டலக் கதைமரபிலும் அவ்விடிப்பின் ஒலி கேட்கிறது. அது கதையே ஆயினும், காட்டில் முன்பே ஊர் இருந்தது என்பதை ஒப்புக்கொண்ட கதை.

காஞ்சிபுரம் மாவட்டத்திலும், 2019 ஆம் ஆண்டில் அதிலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருளர் இன்றும் வாழ்கின்றனர். அவர்கள் பாட்டின் எயினர்க்கு வழிவந்தோர் என்று கூறுதற்குச் சான்று இல்லை, கூறவும் வேண்டா. 1972 ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து பாம்புத்தோல் வணிகம் நின்றபின், 1978 ஆம் ஆண்டில் அவர்களுக்கென ஒரு பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றி, வடநெம்மேலியில் பாம்பின் நஞ்செடுத்து மருந்துக்கு வழங்கிவருகிறது. அறுவடை முடிந்த வயல்களில் அவர்கள் கடப்பாரையால் எலிவளையைத் தோண்டி, எலி சேர்த்த நெல்லைத் திரட்டுவதும் உண்டு. இரும்புமுனைக் கோலும், கிளறிய மண்ணும், திரட்டிய தானியமும் எண்ணிடப்பட்ட சதுரங்களின் வரப்புகளுக்கிடையே இவ்வாறு தொடர்கின்றன. புதிதாக ஒரு காட்டூர் வகுக்க விரும்பும் கவிஞர், அந்தக் கடப்பாரையைச் சார்த்திவைக்கும் சுவரிலிருந்து தொடங்கலாம்.