கோ என்னும் ஓரெழுத்து

நன்னூல் தொகுத்துக் காட்டும் ஓரெழுத்தொருமொழிகளுள் 'கோ'வும் ஒன்று. அரசன் என்பது பொருள். உத்தரப் பிரதேசத்துக் கரும்பு வயல்களில் இதே ஓரெழுத்து நூறாண்டுகளுக்கு மேலாக வேறொரு பொருளில் வழங்கிவருகிறது. அங்கே 'கோ' என்றால் கோயமுத்தூர். 1918இல் வெளியான கோ 205 தொடங்கி, 2009இல் வெளியாகி வடநாட்டுக் கரும்புப் பரப்பின் பெரும்பகுதியைப் பிடித்து, பின் செவ்வழுகல் நோயிடம் தோற்ற கோ 0238 வரை, எல்லாவற்றுக்கும் முன்னெழுத்து நம் ஊர்தான். ஓர் ஊரின் பெயர் இப்படிச் செடியின் பெயராகி நாடெங்கும் நடந்தது எவ்வாறு என்று கேட்டால், விடை ஒரு கல்வி நிலையத்தின் வரலாற்றில் போய் நிற்கிறது. கோவை மக்கள் இன்றும் 'அக்ரி காலேஜ்' என்றே அழைக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அது.

தொடக்கம் கோவையில் அன்று. 1860களில் ஆளுநர் டெனிசன் காலத்தில் சென்னைச் சைதாப்பேட்டையில் ஓர் அரசுப் பண்ணை ஏற்பட்டது. சீமையிலிருந்து நீராவிக் கலப்பை வந்தது. நம் உழவனுக்கு உழக் கற்றுக்கொடுப்பது என்பது நோக்கம். 1868இல் அங்கு அமைந்த பள்ளியையே பல்கலைக்கழகம் தன் பிறப்பாகக் கொள்கிறது. சைதாப்பேட்டையின் மணற்பாங்கான நிலமோ எந்தக் கலப்பைக்கும் மசியவில்லை. இதற்கிடையில், 1889இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட வேளாண் வேதியியலர் வோல்க்கர் நாடு முழுதும் சுற்றிவிட்டு, இந்திய உழவன் சராசரி ஆங்கில உழவனுக்குச் சளைத்தவனல்லன், சிலவற்றில் மேலானவன் என்று 1893இல் அறிக்கை எழுதினார். கற்பிக்க வந்தவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. இந்தத் திருப்பத்தை நம் கல்வி வரலாறுகள் போதிய அளவு பேசவில்லை என்பது நம் எண்ணம்.

1906இல் ஆளுநர் சர் ஆர்தர் லாலி கோவையில் புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1909இல் கல்லூரி திறக்கப்பட்டது. (லாலி ரோட்டில் நாள்தோறும் பேருந்துக்கு நிற்பவர்களுள் எத்தனை பேர் அது தாலாட்டு லாலி அன்று, ஓர் ஆளுநரின் பெயர் என்று அறிவார்களோ!) 1920இல் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. தென்னிந்தியா முழுமைக்கும் வேளாண்மைப் பட்டம் தரும் ஒரே இடமாக நெடுங்காலம் விளங்கியது.

1912 இதில் ஒரு முக்கியமான ஆண்டு. அவ்வாண்டில் கரும்பு இனப்பெருக்க நிலையமும் நெல் ஆராய்ச்சி நிலையமும் இங்கு அமைந்தன. கரும்புக்குக் கோவை ஏன்? வடநாட்டில் கரும்பு எளிதில் பூப்பதில்லை, கோவையில் பூக்கும். பூத்தால்தான் ஒன்றோடொன்று கலக்கலாம். பார்பர் என்ற ஆங்கிலேயரும் அவருக்குப் பின் பொறுப்பேற்ற டி.எஸ். வெங்கடராமனும், 'வெள்ளை' என்னும் கரும்போடு கோவைப் பகுதியில் தானாக வளர்ந்து கிடந்த நாணலைக் கலந்தனர். சாறற்ற, யாரும் ஒரு பொருளாக மதியாத நாணல் தந்த உறுதிதான் கோ 205இன் உறுதி. 1934 முதல் 1939 வரை இந்நிலையத்தில் பணியாற்றிய ஜானகி அம்மாள் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார். 1969 முதல் இந்நிலையம் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்குகிறது. நிர்வாகத்தால் வேறாயினும் பல்கலைக்கழகத்தின் அண்டை வீடு.

நெல்லின் கதை இன்னும் சுவையானது. பார்னெல் என்பவர், 'கோணாமணி' என்ற நாட்டு நெல்லில் இயற்கையாகவே மாறி நின்ற ஒரு செடியைக் கண்டெடுத்தார். 1921இல் அது ஜி.இ.பி. 24 என்ற பெயரில் வெளியாயிற்று. அப்பெயர் அரசுத் தாவரவியலரின் பதவிப் பெயரது சுருக்கம். நெல்லுக்கு ஓர் உத்தியோகத்தின் பெயர்! ஊரார் வாயில் அது நுழையுமா? கிச்சிலிச் சம்பா என்று வழங்கலாயிற்று. பின்வந்த எத்தனையோ நெல் இரகங்களுக்கு அதுவே தாய். இன்று பாரம்பரிய அரிசி விற்கும் கடைகளில் கிச்சிலிச் சம்பாவும் அடுக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். ஆய்வு நிலையம் ஒரு பக்கம், மரபு மறுபக்கம் என்று கோடு கிழித்து வாதிடும் இருதரப்பாரும் அந்த மூட்டையின் முன் சற்று நிற்கலாம். இந்நிலையத்தில் பணியாற்றிய கே. ராமையா, 1946இல் கட்டாக்கில் தோன்றிய மத்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் இயக்குநரானார். 1947இல் இக்கல்லூரியில் பட்டம் பெற்றுச் சென்ற எம்.எஸ். சுவாமிநாதனைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் சூலூர்ப் பக்கத்துக்கு நெல்லைவிடப் பருத்தியே நெருக்கம். உப்பம், நாடன் ஆகிய பழைய பருத்திகளை நிக்கல்சன் தம் கோயமுத்தூர் மாவட்டக் கையேட்டில் (1887) குறித்திருக்கிறார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்தது. கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் நன்றாகப் பிடித்தது. அதன் நீள இழையை நம்பி ஆலைகள் பெருகின. 1968இல் வெளியான எம்.சி.யு. 5 என்னும் இரகத்தின் பெயரை விரித்தால் மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா. மூன்று கண்டத்து வரலாறு என்று சொல்ல நா எழுகிறது, கண்டம் இரண்டுதான். அந்தப் பருத்திக் காடுகள் இன்று அருகிவிட்டன. விசைத்தறிகள் இருக்கின்றன, நூல் வெளியிலிருந்து வருகிறது.

1971 ஜூன் 1ஆம் நாள் கல்லூரி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்த நிலக்கொடைக் கல்லூரிகளின் முறை, 1960இல் பந்த்நகர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. கற்பித்தல், ஆய்தல், உழவரிடம் கொண்டுசேர்த்தல் என்ற மூன்றும் ஒரே கூரையின் கீழ் என்பது அம்முறை. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் இப்பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் தொடங்கியது. 1989இல் கால்நடை மருத்துவம் பிரிந்து தனிப் பல்கலைக்கழகமாகப் போயிற்று. உழவன் வீட்டில் மாடும் வயலும் பிரிந்ததில்லை, கோப்புகளில் பிரிந்தன.

மூன்றாவது கடமையில்தான் மொழிச் சிக்கல் வருகிறது. அறிவு ஆங்கிலத்தில் விளைகிறது, கேட்பவன் தமிழன். 'வளரும் வேளாண்மை' இதழ் அந்த இடைவெளியில் பல காலமாகப் பாலமாக இருக்கிறது. கல்வித்துறையைக் கையில் வைத்திருந்த சி. சுப்பிரமணியம், 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப்படிப்பைச் சோதனையாகத் தொடங்கினார். பின்னாளில் நாட்டின் உணவு அமைச்சராகிப் பசுமைப் புரட்சிக்கு வழிவகுத்தவரும் அவரே. ஆயினும் அதே ஊரின் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்வழி இளமறிவியல் படிப்பு வர 2021 ஆயிற்று. ஊர் ஒன்று, ஆள் ஒன்று, இடைவெளி அறுபதாண்டு!

தமிழில் பாடநூல் எழுதப் புகுவோர் அகராதியில் சொல் தேடுகிறார்கள். கொங்கில் 'தோட்டம்' என்றால் கிணற்றுப் பாசன நிலம். 'காடு' என்றால் வானம் பார்த்த பூமி. கவலை, சால், வடம் முதலிய இறைப்புச் சொற்கள் மின்மோட்டார் வந்த நாளிலிருந்து ஓய்ந்து கிடக்கின்றன. பெருமாள்முருகன் தனியொருவராக முயன்று கொங்கு வட்டாரச் சொல்லகராதியை 2000இல் கொண்டுவந்தார். தமிழ்த்துறைகளும் வேளாண்மைத் துறைகளும் சேர்ந்து செய்திருக்க வேண்டிய பணி அது.

வேளாண் மாணவர்கள் இறுதியாண்டில் கிராமத் தங்கல் பயிற்சிக்கு ஊர்களுக்கு வருகிறார்கள். தெருவில் வண்ணப்பொடியால் ஊர்ப்படம் வரைகிறார்கள், படிவங்களை நிரப்புகிறார்கள். பெரியவர் 'காடு மூணு ஏக்கரா' என்கிறார். படிவத்தில் 'மானாவாரி' என்று ஏறுகிறது. அப்படிவத்தில் இன்னொரு கட்டம் சேர்த்து, அவர் சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே எழுதச் சொன்னால் போதும். செலவு ஒரு கோடு. சில ஆண்டுகளில் சேரும் அந்தச் சொற்களை வகைப்படுத்தித் தர எம் போன்ற தமிழாசிரியர்கள் இம்மாவட்டத்துக் கல்லூரிகளில் நூற்றுக்கணக்கில் இருக்கிறோம்.