ஞாயிற்றுக்கிழமை, ஆகஸ்ட் 9

பெங்களூர் ஜோகுபாளையத்திலிருந்து அல்சூர் ஏரிக்கரைக்கு நடந்தே போய்விடலாம். அங்கே நிற்கும் திருவள்ளுவர் சிலையைத் தமிழக முதல்வர் மு. கருணாநிதி திறந்துவைத்தது 2009 ஆகஸ்ட் 9 அன்று. கர்நாடக முதல்வர் பி. எஸ். எடியூரப்பா உடனிருந்தார். இந்தத் தேதியைக் கேட்டதும் வரலாறு படித்தவர்களுக்கு வேறு சில ஆண்டுகளும் சேர்ந்தே நினைவுக்கு வரும். 1925இல் காக்கோரி ரயில் கொள்ளை, 1942இல் ‘வெள்ளையனே வெளியேறு’, 1945இல் நாகசாகி, 1965இல் சிங்கப்பூர் விடுதலை. எல்லாம் ஆகஸ்ட் 9. 1942இன் ஆகஸ்ட் புரட்சி நாளில்தான், பல ஆண்டு மூடிக்கிடந்த வள்ளுவருக்கும் விடுதலை கிடைத்தது என்று மேடையில் சொன்னால் கைதட்டு விழும். அந்தத் தேதி அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டதுதானா என்பதே எனக்கு எழுந்த கேள்வி.

ஒரே தேதியில் வரிசைப்படுத்தப்படும் நிகழ்ச்சிகளை நான் எளிதில் நம்புவதில்லை. ஒவ்வொன்றையும் மூன்று விதமாக விசாரிக்க வேண்டும். தேதி எந்த நாட்காட்டியில் எழுதப்பட்டது? எந்த ஊர்க் கடிகாரத்தில்? அந்த நாளைக் குறித்தது யார்?

நாட்காட்டிக் கேள்வியிலேயே பழைய நிகழ்ச்சிகள் சில உதிர்ந்துவிடுகின்றன. ரோமானியப் பேரரசர் வேலன்ஸ் கோத்தியரிடம் தோற்று மாண்ட ஆட்ரியனோபிள் போர் 378 ஆகஸ்ட் 9 என்று நூல்களில் இருக்கும். அது ஜூலியன் நாட்காட்டிக் கணக்கு. இன்று நாம் புழங்கும் கிரிகோரியன் முறைக்கு மாற்றினால் ஆகஸ்ட் 10 ஆகிவிடுகிறது. சீசர் பாம்பேயை வென்ற பார்சாலஸ் போருக்கும் (கி.மு. 48) இதே தேதியைச் சொல்வார்கள். ஆனால் அது சீசர் நாட்காட்டியைத் திருத்துவதற்கு முந்தைய காலம். அன்றைய ரோமானிய நாட்காட்டி பருவத்தோடு ஒட்டாமல் இரண்டு மாதம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. வானியல் கணக்கில் பார்த்தால் அந்தப் போர் ஜூன் தொடக்கத்தில் நடந்திருக்க வேண்டும். இரண்டையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

இதே சிக்கல் ஜோகுபாளையத்துக்குப் பக்கத்திலும் உண்டு. தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. ‘தேசிமாணிக்கப்பட்டணம்’ என்ற மறுபெயரோடு ‘தொம்பலூர்’ என்று ஊரைச் சொல்பவை. பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளை பி. எல். ரைஸ் 1905இல் ‘எபிகிராபியா கர்நாடிகா’வின் ஒன்பதாம் தொகுதியாக அச்சிட்டார். இத்தகைய கல்வெட்டுகளில் ஆங்கிலத் தேதி இராது. சக ஆண்டு, அறுபது ஆண்டுச் சுழற்சியில் ஒரு பெயர், மாதம், பட்சம் (வளர்பிறையா தேய்பிறையா என்பது), திதி, கிழமை ஆகியவற்றில் எதெது செதுக்கப்பட்டதோ அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கும். அதை ஆங்கிலத் தேதியாக மாற்ற, எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் வெளியிட்ட இந்தியப் பஞ்சாங்க அட்டவணையை ஆய்வாளர்கள் கையில் வைத்துக்கொள்வார்கள். திதியும் கிழமையும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் தேதி உறுதி. பொருந்தாவிட்டால் செதுக்கியவரோ படித்தவரோ எங்கோ தவறியிருக்கிறார் என்று பொருள். கிழமை என்பது நல்ல சாட்சி. அதைப் பின்னால் மறுபடி கூப்பிடுவேன்.

அடுத்து கடிகாரம். நாகசாகியில் குண்டு வெடித்தது அந்த ஊர் நேரப்படி முற்பகல் 11 மணி 2 நிமிடம். கொக்குரா நகருக்கென்று புறப்பட்ட விமானம், இலக்கு கண்ணுக்குத் தெரியாததால் நாகசாகிக்குத் திரும்பியது. அந்த நிமிடத்தில் வாஷிங்டனில் ஆகஸ்ட் 8 இரவு பத்து மணிதான் ஆகியிருந்தது. ஆக, குண்டு போட உத்தரவிட்ட நாட்டின் தலைநகரில் இது 8ஆம் தேதி நிகழ்ச்சி. செத்தவர்களின் ஊரில் 9. நாம் 9 என்று எழுதுகிறோம், அதுவே முறை. ஆனால் அந்த நாளை யாரும் முன்கூட்டியே குறித்துவைக்கவில்லை. வானிலை மோசமாகும் என்ற கணிப்பால் அவசரமாக முன்னுக்கு இழுக்கப்பட்ட தேதி அது.

சிங்கப்பூரின் கதை வேறு. அங்கே தேதியை ஆவணங்கள்தான் பேசுகின்றன, அவையும் ஒரே குரலில் பேசவில்லை. மலேசியாவிலிருந்து பிரியும் ஒப்பந்தம் கையெழுத்தானது ஆகஸ்ட் 7. அறிவிப்பு வெளியானது 9ஆம் தேதி, திங்கட்கிழமை காலை. மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் நான்கும் ஆட்சிமொழிகள் என்று சொல்லும் சிங்கப்பூர் சுதந்திரச் சட்டமோ டிசம்பர் 22 அன்றுதான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் ஆகஸ்ட் 9 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. முன்தேதியிட்ட சட்டம். அந்த நாட்டில் தமிழின் ஆட்சிமொழித் தகுதிக்குப் பிறந்தநாள் கேட்டால் இரண்டு பதில் சொல்லலாம், இரண்டும் சரி. 

இனி 1942. பம்பாய் கோவாலியா குளம் மைதானத்தில் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி தீர்மானத்தை நிறைவேற்றியது ஆகஸ்ட் 8 இரவு. ‘செய் அல்லது செத்து மடி’ என்று காந்தி பேசியதும் அந்த இரவில்தான். பிறகு 9 எங்கிருந்து வந்தது? விடியும் முன்பே போலீஸ் வந்தது. காந்தியைப் புனே ஆகாகான் மாளிகைக்கும், காரியக் கமிட்டியினரை அகமதுநகர்க் கோட்டைக்கும் கொண்டுபோனார்கள். தலைவர்கள் இல்லாத மைதானத்தில் அருணா ஆசஃப் அலி கொடியேற்றினார். ஆகவே ஆகஸ்ட் 9ஐக் குறித்தது காங்கிரஸ் அல்ல, கைது செய்யக் காத்திருந்த அரசு. புரட்சி நாளைச் சிலர் 8 என்றும் சிலர் 9 என்றும் கொண்டாடுவதன் வேர் இங்கே இருக்கிறது. முதல் தரப்பு தீர்மானத்தை எண்ணுகிறது, மறுதரப்பு அதற்கு மக்கள் தந்த பதிலை. நான் இரண்டாம் கட்சி. காமராஜரைப் பாருங்கள். பம்பாயிலிருந்து திரும்பியவர், சென்னையில் போலீஸ் காத்திருக்கும் என்று தெரிந்து அரக்கோணத்திலேயே இறங்கிவிட்டார். மாவட்டம் மாவட்டமாகச் செய்தியைச் சேர்த்த பிறகே கைதானார். அவருக்கு வேலை தொடங்கியது தீர்மானத்துக்கு அப்புறம்தான்.

அந்த நாளில் அல்சூரில் என்ன நடந்தது என்று தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மைசூர் திவான் கோப்புகளில் மட்டும் தேடினால் ஏமாற்றம்தான். 1809இல் ஆங்கிலப் படை இங்கே வந்து இறங்கியதிலிருந்து இந்தப் பகுதி ‘தண்டு’, அதாவது படை தங்கும் இடம். தமிழர்கள் பெருந்திரளாகக் குடியேறியதும் அந்தப் படையின் பின்னால்தான். 1881இல் மைசூர் ராஜ்யம் உடையார்களிடம் திரும்பியபோதும் தண்டு திரும்பவில்லை. ‘சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்’ என்ற பெயரில் ஆங்கில ரெசிடென்ட், அதாவது பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதி, நேரடியாக ஆண்டார். மைசூரிடம் அது ஒப்படைக்கப்பட்டது 1947 ஜூலை 26 அன்று, விடுதலைக்கு மூன்று வாரம் முன்பு. எனவே 1942ஆம் ஆண்டு அல்சூர்க் காகிதங்களை ரெசிடென்சிக் கோப்புகளில் தேட வேண்டும்.

கிழமையைக் கூப்பிடுவேன் என்றேனே. 1942 ஆகஸ்ட் 9 ஞாயிறு. 2009 ஆகஸ்ட் 9 ஞாயிறு. காக்கோரி நடந்த 1925 ஆகஸ்ட் 9ஐயும் கணக்கிட்டுப் பார்த்தேன், அதுவும் ஞாயிறு. ஒரு கணம் உடல் சிலிர்த்தது உண்மை. அப்புறம் முழுக் கணக்கையும் போட்டேன். 1925 முதல் 2009 வரை, இரண்டையும் சேர்த்து 85 ஆண்டுகளில், ஆகஸ்ட் 9 பதின்மூன்று முறை ஞாயிறாக வருகிறது. ஏழில் ஒன்று என்ற எளிய விகிதத்தை ஒட்டியதுதான். 1942க்கும் 2009க்கும் ஞாயிறு வாய்த்த காரணமும் ஒன்றல்ல. 1942இல் வெள்ளியும் சனியும் கமிட்டி கூடியது, கைது மறுநாள் விழுந்தது. 2009இல் ஞாயிறு விடுமுறை, கூட்டம் சேரும்.

எஞ்சியிருப்பது சிலை. 1991இலேயே நிறுவப்பட்ட சிலை அது. பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் முனைந்து வைத்தது. கன்னட அமைப்புகளின் எதிர்ப்பால் திறக்க முடியாமல் மூடியே கிடந்தது. அந்த ஆண்டைத் தனியாகப் பார்க்கக் கூடாது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு 1991 ஜூன் 25இல் வந்தது. டிசம்பர் 11 அன்று அது அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். அதன் பிறகு சிலையைப் பற்றிப் பேசவே தயங்கிய ஆண்டுகள். 2000 ஜூலை 30இல் நடிகர் ராஜ்குமாரைக் கடத்திய வீரப்பன், சிலையைத் திறக்க வேண்டும் என்பதையும் தன் நிபந்தனைகளில் சேர்த்தான். 108 நாள் கழித்து ராஜ்குமார் திரும்பினார். சிலை மேலும் ஏறக்குறைய ஒன்பது ஆண்டு மூடியே இருந்தது. வீரப்பன் கேட்டது சிலைக்கு நன்மையைவிடத் தீமையே செய்தது என்பது என் கணிப்பு.

2009இல் வழி பிறந்தது ஓர் உடன்பாட்டால். பெங்களூரில் வள்ளுவர், சென்னையில் கன்னடக் கவி சர்வஞ்ஞர். நான்கே நாள் கழித்து, ஆகஸ்ட் 13 வியாழனன்று, அயனாவரத்தில் சர்வஞ்ஞர் சிலையை எடியூரப்பா திறந்துவைத்தார். இரு மாநிலங்களிலும் ஆகஸ்ட் 18 அன்று சட்டமன்ற இடைத்தேர்தல்கள் இருந்தன. இந்த மூன்று தேதிகளையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் 9ஆம் தேதியின் இடம் விளங்குகிறது. முதல் சிலைக்குக் கூட்டம் சேரும் ஒரு ஞாயிறு வேண்டும்; இரண்டாவது அடுத்துவர வேண்டும்; இரண்டும் வாக்குப்பதிவுக்கு முன் முடிய வேண்டும். இன்னொரு சிறு தடயம்: அது ஆடி மாதம். நம் வீடுகளில் ஆடியில் புதிய காரியம் தொடங்கத் தயங்குவார்கள். பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த நாள் அல்ல அது. கருணாநிதி அதைப் பார்ப்பவரும் அல்லர்.

ஆகவே என் தீர்ப்பு: அல்சூர் சிலையின் ஆகஸ்ட் 9க்கும் 1942க்கும் உறவு கிடையாது. அதன் உண்மையான உடன்பிறப்பு அயனாவரத்து ஆகஸ்ட் 13. பட்டியல் போடுபவர்கள் அந்த இரண்டையும் பக்கத்தில் எழுதட்டும்.

ஜோகுபாளையம், அல்சூர், மர்பி டவுன் வீடுகளில் இந்தச் சிலை தொடர்பான அழைப்பிதழ், துண்டறிக்கை, ரசீது, புகைப்படம் எது இருந்தாலும், குறிப்பாக 1991ஆம் ஆண்டுக் காகிதமாக இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பின்பக்கத்தில் தேதியும் யார் கொடுத்தது என்பதும் பென்சிலால் எழுதித் தமிழ்ச் சங்கத்தில் சேர்த்துவிடுங்கள்.