தடம் பார்த்துச் சொல்லும் கண்

வரப்போரப் புழுதியில் வளைந்து போகும் ஒரு கோடு. மற்றவர் அதை மிதித்துக்கொண்டு போய்விடுவார்கள். பாம்பு பிடிக்கும் பழங்குடியான இருளர் நின்றுவிடுவார். ஊர்ந்தது சாரையா நாகமா, எந்தப் பக்கம் போனது, இன்று போனதா, நேற்றே போனதா என்று அவருக்குத் தெரியும். செங்கல்பட்டுச் சீமையில் இது பெரியவர்கள் பின்னால் கடப்பாரையோடு எலி வளை தேடி அலைந்து பிள்ளைகள் கற்றது.

போன நூற்றாண்டில் இந்தக் கண்ணுக்கு விலை வைத்தது பாம்புத்தோல் வியாபாரம். இங்கே உரித்த தோல் கடல் கடந்து கைப்பையும் செருப்புமானது. 1972இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை விழுந்தது. பாம்புகளுக்கு அது வேண்டியிருந்தது. ஆனால் அவற்றை அறிந்த குடும்பங்களின் அடுப்பை யாரும் நினைக்கவில்லை. பிழைப்பே குற்றமாகிப் போனது.

சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேகர், இருளரோடு காடு சுற்றியவர். தோலை விட்டு விஷத்தை விற்கலாம் என்ற யோசனையில் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்குகிறது.

நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். பிடிப்பது இந்த நான்கை மட்டுமே. மணல் போட்ட மண்பானையில் விட்டு, பானையின் வாயைத் துணியால் கட்டிவைப்பார்கள். சுமார் மூன்று வாரத்தில் நான்கு முறை விஷம் எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விடுவார்கள். அந்த விஷத்தைச் சிறிதளவாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து தயாராகிறது. நாட்டின் மருந்து நிறுவனங்களுக்குப் பெரும்பகுதி விஷம் இங்கிருந்துதான் போகிறது.

இந்தத் தொழிலில் பாம்பை அடையாளம் மாற்றிச் சொன்னால் உயிர் போகும். விஷமற்ற வெள்ளிக்கோல் வரையனைக் கட்டுவிரியன் என்று அடித்துக் கொல்கிறவர்கள் உண்டு. கட்டுவிரியனை வரையன் என்று கையில் எடுத்தால் கதை வேறு. வரையனுக்குப் பட்டைகள் கழுத்துப் பக்கம் அழுத்தமாகத் தொடங்கி வாலை நோக்கி மங்கும். கட்டுவிரியனுக்குத் தலைப்பக்கம் வெறுமையாக இருந்து, வால்பக்கம் போகப்போகப் பளிச்சிடும். மண்ணுளியையும் கண்ணாடிவிரியனையும் குழப்பிக்கொள்வதும் இதே ஆபத்துதான்.

2017இல் இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் பாம்பு பிடிக்க அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனார்கள். அங்கே மண்ணுக்குச் சொந்தமில்லாத பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, சதுப்புநிலத்து விலங்குகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. இரண்டு வாரத்துக்குள் இருவரும் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். ஒன்று, பழைய ஏவுகணைத் தளத்துக்குள் பதுங்கியிருந்த 16 அடிப் பெண் பாம்பு. அவர்களுக்கு முன்பின் பழக்கமில்லாத காடு, பழக்கமில்லாத பாம்பு. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

பாம்பும் காடும் மட்டுமல்ல இருளர் வாழ்க்கை. மாசிமகத்துக்கு அவர்கள் பல ஊர்களிலிருந்து மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவார்கள். மணலில் குடில் போட்டுத் தங்கி, கன்னியம்மனைக் கும்பிட்டு, அங்கேயே கல்யாணமும் பேசி முடிப்பார்கள்.