வேடம் தரித்த கப்பல்

கலம் செலுத்திக் கடல் கடந்த மரபினர் நாம். ஆயினும், சோழர் கடற்படையைப் பாராட்டும் அளவிற்கு நம் காலத்துப் போர்க்கப்பல்களை நினைப்பதில்லை. அக்குறை சிறிது நீங்க, ‘ராஜ்புத்’ என்னும் நாசகாரிக் கப்பலின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

ஸ்காட்லாந்தின் கிளைட்பாங்க் நகரில் ஜான் பிரவுன் நிறுவனத்தாரால் கட்டப்பெற்ற இக்கப்பல், 1942-இல் ‘ராதர்ஹாம்’ என்ற பெயரில் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தது. 1949-இல் நம் நாட்டிற்கு வந்து ‘ராஜ்புத்’ ஆயிற்று.

1971-இல் அதற்கு அகவை ஏறக்குறைய முப்பது. ஓய்வுக்கான கோப்பு தயாராகும் பருவம். அவ்வேளையில்தான் அரும்பணி வாய்த்தது. விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தை அழிக்கும் நோக்குடன், பாகிஸ்தானின் ‘காஸி’ என்னும் நீர்மூழ்கிக் கப்பல் நவம்பர் 14-இல் கராச்சியிலிருந்து புறப்பட்டது. நமது கிழக்குக் கடற்படைத் தலைவராக விளங்கியவர் நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். அவர் விக்ராந்தை அந்தமானுக்கு அனுப்பிவிட்டு, ராஜ்புத்தை விசாகப்பட்டினத்திற்கு அப்பால் நிறுத்தி, விக்ராந்தைப் போல ஓயாது கம்பியில்லாச் செய்திகளை அனுப்பச் செய்தார். விக்ராந்தின் மாலுமி ஒருவர் நோயுற்ற தாயின் நலம் வினவுவதாக ஒரு தந்தியும் வெளிப்படையாக விடுக்கப்பட்டது. ஊரிலிருந்து வந்த தந்தியைப் பிரிக்கவும் கைநடுங்கிய நம்மவர்க்கு இச்சூழ்ச்சியின் நுட்பம் நன்கு விளங்கும்.

டிசம்பர் 3-ஆம் நாள் நள்ளிரவையொட்டித் துறைமுகத்தை விட்டு வெளியேறிய ராஜ்புத், நீர்ப்பரப்பில் ஐயத்திற்குரிய கலக்கம் கண்டு, நீருக்குள் வெடிக்கும் இரு குண்டுகளை வீசியது. சற்று நேரத்தில் கரையே அதிரும் பெருவெடிப்பு நிகழ்ந்தது. தொண்ணூறுக்கு மேற்பட்ட வீரர்களுடன் காஸி மூழ்கியது. அவர்களுக்கும் தாயர் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

ராஜ்புத்தின் குண்டுகளே காரணம் என்பது இந்தியத் தரப்பு. தற்செயலான வெடிப்பே காரணம் என்பது பாகிஸ்தான் தரப்பு. இவ்வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. தலைநகரில், சாணக்யபுரியின் சாந்தி பாதை வழியே செல்வோர், ராஜ்புத்தைக் கட்டிய பிரிட்டன், காஸியைக் கட்டிய அமெரிக்கா, அதனை இழந்த பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் தூதரகங்களையும் காணலாம். சூழ்ச்சி வல்ல சாணக்கியன் பெயர் பூண்ட பகுதியில், அமைதியின் பெயரால் ஒரு சாலை!

ராஜ்புத் 1976-இல் ஓய்வு பெற்றது. அதன் பெயரை ஏற்ற சோவியத் நாட்டுக் கப்பலொன்று 1980 முதல் 2021 வரை நம் கடற்படையில் பணிபுரிந்தது. காஸியை வீழ்த்திய வெடி எது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். பிறிதொரு கப்பலைத் தேடி வந்த ஆபத்தைத் தன்பால் ஈர்க்க, ஒரு முதிய கப்பலும் அதன் மாலுமிகளும் முன்வந்து நின்றார்கள் என்பதில் எவ்வித ஐயமும் இல்லை. அத்தொண்டினை நம் இளஞ்சிறார்க்கு எடுத்துரைப்போமாக!