மடை திறந்தவர்கள்: ஏரிப் பாசனத்தின் சொல்லப்படாத கணக்கு



தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் இருக்கின்றன. வடக்கே ஏரி என்கிறோம், தெற்கே கண்மாய் என்கிறோம். சுற்றுச்சூழல் பேசுகிற எந்த மேடையிலும் இவற்றைப் பற்றிய ஒரு கதை தவறாமல் வரும். முன்னோர் ஊர்கூடிக் கரை போட்டார்கள், ஊர்கூடித் தூர்வாரினார்கள், நீரை நியாயமாகப் பங்கிட்டார்கள். வெள்ளைக்காரன் வந்தான், பொதுப்பணித்துறை வந்தது, எல்லாம் கெட்டது. இந்தக் கதையில் பாதி உண்மை. விடுபட்ட பாதியில் சேரி இருக்கிறது.

ஏரி தனியாக இயங்குவதில்லை. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால்தான் கீழ் ஏரிக்கு நீர். மேலே ஒருவர் கலங்கலில் ஒரு முழம் மண் போட்டு உயர்த்தினால் கீழே நாலு ஊர் காயும். பெருமழை வந்தால் அதே ஒரு முழத்தால் கரை உடைந்து ஊரே முழுகும். ஒரு மூலையில் கை வைத்தால் வேறு மூலையில் அடி விழும் இதைத்தான் இன்று பல்கலைக்கழகங்களில் சிக்கலான அமைப்பு என்கிறார்கள். அந்த அமைப்பை நாள்தோறும் கையில் வைத்திருந்தவர் நீர்க்கட்டி. நீர்ப்பாய்ச்சி, கம்புக்கட்டி, மடைக்குடும்பன் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். சாதி மட்டும் அவ்வளவாக மாறாது. பெரும்பாலும் பறையர் அல்லது பள்ளர்.

மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம், நீர் குறைந்த ஆண்டில் எதைக் காப்பாற்றுவது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அடைமழையில், நள்ளிரவில், கரைமேல் நின்றவர் அவர். பழைய மடைகளில் சில இடங்களில் மூழ்கித்தான் அடைப்பை எடுக்க வேண்டும். சுழலில் சிக்கினால் பிணம்தான் மிதக்கும். கூலி, களத்தில் கதிர்க்கட்டும் சில மரக்கால் நெல்லும்.

ஏன் அவரிடம் இந்த வேலை? நிலமில்லாதவர் என்பதால் பாரபட்சமில்லாமல் பங்கிடுவார் என்று விளக்கம் தருகிறார்கள். ஒரு சமூகத்தை நிலமில்லாமல் வைத்துவிட்டு அதையே நேர்மைக்கான தகுதியாக்குகிற இந்த விளக்கத்தைப் பெரிய படிப்பாளிகளும் ஏதோ நிர்வாக ஞானத்தைப் போல எழுதுகிறார்கள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைக்காகக் கொண்டாடுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்த அவற்றில் ஆறு பேர் கொண்ட ஏரி வாரியமும் உண்டு. போட்டியிடத் தகுதி: கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி. நிலம் குறைந்தால் கூடுதல் வேதப் படிப்பால் ஈடுகட்டலாம். ஏரியைப் பற்றி முடிவெடுப்பவர் யார் என்று கல்லில் இருக்கிறது. மண் சுமப்பவர் யார் என்று சொல்லக் கல் தேவைப்படவில்லை.

ஆங்கிலேயர் இந்த ஏற்பாட்டைக் கலைத்தார்கள் என்பதும் முழுச் சரியல்ல. 1858இல் சென்னை மாகாணத்துக்கென்று ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. கரை உடையும் ஆபத்து நேர்ந்தால், அக்கம்பக்கத்தில் உள்ள உழைக்கும் வகுப்பு ஆண்களை வேலைக்கு வரும்படி கட்டாயப்படுத்தலாம். யாருடைய வயல் காப்பாற்றப்படுகிறது என்று சட்டம் கேட்கவில்லை. உத்திரமேரூர் அன்று அடங்கியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் 1891இல் ஆட்சியர் திரமென்ஹீர் பறையர் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். தரிசு நிலம்கூட அவர்கள் கைக்குப் போகாதபடி மிராசுதார்கள் தடுத்து நின்றதை அது பதிவு செய்தது. 1892இன் பஞ்சமி நில ஆணைக்கு அதுவே வழிவகுத்தது. தொல் சமநீதி நிலவியதாகச் சொல்லப்படும் ஏரி நாட்டின் ஆவணம் அது.

இந்தியக் கிராமங்களைச் சிறு குடியரசுகள் என்று 1830இல் எழுதியவர் மெட்காஃப். அந்தப் புகழுரையை அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 4 அன்று எடுத்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், ஆட்சிகள் மாறியும் கிராமங்கள் பிழைத்துக் கிடந்ததிலேயே என்ன பெருமை என்று கேட்டார். வளங்குன்றாமை பேசுகிற எல்லோரும் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. பொதுவளங்களை மக்களே நிர்வகிக்க முடியும் என்று காட்டிய எலினார் ஆஸ்ட்ரமின் நூல் 1990இல் வந்தது. 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நீடிக்கும் அமைப்புகளில் பயனாளிகளுக்குப் பொறுப்பான கண்காணிப்பாளர் இருப்பார் என்பது அவர் கண்ட விதிகளில் ஒன்று. அவரை மதிக்கிறேன். ஆனால் நம் ஊரில் அந்தக் கண்காணிப்பாளர் வேலையை விட்டு விலக முடியாதவர். சாவுச்சேதி சொல்வது, பறை அடிப்பது, செத்த மாட்டைத் தூக்குவது ஆகியவற்றோடு ஒரே கட்டாகக் கட்டித்தான் மடையும் தரப்பட்டது. தென் மாவட்டக் கண்மாய்களை ஆராய்ந்து டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட நூல், நீர் முறை என்பது மரியாதையின் முறையாகவும் இருந்ததைக் காட்டுகிறது.

அதனால்தான் நம் மக்கள் இழிதொழில் மறுத்தபோது, பல ஊர்களில் மடைக்கம்பையும் சேர்த்தே கீழே போட்டார்கள். 'பாரம்பரிய அமைப்பின் சிதைவு' என்று கருத்தரங்குகளில் வருத்தத்தோடு வாசிக்கப்படும் கட்டுரைகளில் இந்த மறுப்பும் அடங்கியிருக்கிறது. கிணறும் மோட்டாரும் வந்தது, வரத்துக்கால் ஆக்கிரமிப்பு, அரசின் அலட்சியம் எல்லாம் காரணங்களே. ஆனால் ஒரு மனிதர் "இனி வரமாட்டேன்" என்றதைச் சிதைவுக் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை.

2017இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே அரசுத் திட்டம் வந்தது. ஆயக்கட்டு விவசாயிகள் பத்து சதவீதப் பங்கு தந்து, அவர்கள் சங்கமே வேலையை எடுக்கலாம் என்றது அது. 2000ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டப்படியும் உறுப்பினராக நிலம் வேண்டும். கால் வேலி என்று எழுதவில்லை, அவ்வளவுதான். வயல் இல்லாதவருக்கும் கண்மாயில் மீன் உண்டு, கோரை உண்டு, கருவேலம் உண்டு, வண்டல் உண்டு. மீன் ஏலம் யார் கையில் என்பது பல ஊர்களில் பஞ்சாயத்துத் தலைவர் நாற்காலியோடு ஒட்டிய கேள்வி. தலைவர் பதவி தனித்தொகுதியானதும் மேலவளவில் என்ன நடந்தது என்பதை, 1997 ஜூன் 30இல் முருகேசனும் உடனிருந்தவர்களும் வெட்டப்பட்டதை, இந்த அரங்கில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

நீர்க்கட்டியின் அறிவை மீட்க வேண்டும் என்கிற நண்பர்களிடம் நான் ஒன்று கேட்பதுண்டு. ஆற்றுப்பாசனக் கால்வாயில் மதகு திறக்கும் அரசு லஸ்கருக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. கண்மாய் மடை திறப்பவருக்கு, அவர் எந்தச் சாதியில் பிறந்தவராக இருந்தாலும், அந்தச் சம்பளம் கேட்டு உங்கள் கோரிக்கை மனுவில் ஒரு வரி இருக்கிறதா?