மதுவிலக்கும் சிறுகதையும்: திருச்செங்கோட்டு இராஜாஜி

இராஜாஜியை (1878–1972) அரசியல் தலைவராக அறிந்தோர் பலர். இதிகாசங்களை எளிய உரைநடையில் தந்தவராக அறிந்தோரும் உளர். அவரைச் சிறுகதையாசிரியராக எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஆயினும் அவருடைய கதைகளுக்கும் சட்டத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

இன்றைய நாமக்கல் மாவட்டம் அன்று சேலம் மாவட்டத்தின் பகுதி. காவிரிக்கரை ஜேடர்பாளையத்தில் பிரியும் இராஜ வாய்க்கால் நஞ்சை நிலங்களை வளப்படுத்துகிறது. அதற்கு வடக்கேயுள்ள திருச்செங்கோட்டு மேட்டுநிலமோ மழையை நம்பி வாழ்ந்தது. அங்குள்ள புதுப்பாளையத்தில் 1925இல் இராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகியவை அதன் பணிகள். 1929இல் மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்னும் இதழைத் தொடங்கினார். துணையாசிரியராக இருந்தவர் கல்கி. பத்து இதழ்களே வெளிவந்தன. 1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் இராஜாஜியைச் சிறைக்கு அழைத்துச் சென்றது.

அவருடைய ‘திக்கற்ற பார்வதி’, ஒரு குடியானவனின் குடும்பம் கள்ளாலும் கடனாலும் சிதைவதைச் சொல்கிறது. 1974இல் அது திரைப்படமாகவும் வந்தது. சேலத்தில் வழக்குரைஞராக விளங்கியவரின் எழுத்தாதலால், அதில் கடன் பத்திரமும் நீதிமன்றமும் இயல்பாக இடம்பெறுகின்றன. அறிவுரை மிகுந்து கலை குன்றுகிறது என்னும் குறை இத்தகைய கதைகளுக்குப் பொருந்தும். எகிப்தின் மன்ஃபலூத்தி (1876–1924) ‘அல்அபராத்’ தொகுப்பில் குடியின் அழிவை எழுதியபோதும் இதே குறை நேர்ந்தது. ஆனால் மன்ஃபலூத்தி வாசகனின் கண்ணீரை நாடினார். இராஜாஜியோ அவனுடைய தீர்ப்பை நாடினார்.

1937இல் சென்னை மாகாணப் பிரதமரானதும், அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்திலேயே மதுவிலக்கை முதலில் நடைமுறைப்படுத்தினார். வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது, பின்னர் மீண்டது, 1971இல் மீண்டும் தளர்ந்தது. விற்பனை வரி மட்டும் நிலைபெற்றது.

மது ஒரே நாளில் விலக்கப்படவில்லை, உள்ளங்கள் படிப்படியாகப் பக்குவப்படுத்தப்பட்ட பின்னரே இறுதித் தடை வந்தது என்பதை இஸ்லாமிய வரலாறு கற்றோர் அறிவர். அத்தகைய பக்குவத்தை ஏற்படுத்தவே இராஜாஜி கதையைக் கையாண்டார். எனினும் பத்து இதழ்களின் உழைப்பு ஒரு மாகாணத்தின் மனத்தை மாற்றப் போதுமானதன்று. சட்டம் தளர்ந்ததற்குக் கருவூலத்தின் தேவை ஒரு காரணம். கதை பாதியில் நின்றதும் மற்றொரு காரணம் எனலாம்.