மனத்தில் எழுந்த கோயிலும் மதம் என்னும் கட்டமும்



ஆவடிக்கு மேற்கே ரயில் பாதையில் சில நிலையங்கள் தாண்டினால் திருநின்றவூர். இவ்வூரில் வாழ்ந்த பூசலார் என்பவரைப் பற்றி, சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரிய புராணம் கூறுகிறது. கோயில் எழுப்ப விரும்பிய அவர் பொருள் தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. எனவே மனத்திற்குள்ளேயே கட்டி முடித்துக் குடமுழுக்கிற்கு நாளும் குறித்தார். அதே நாளைத் தன் கற்கோயிலுக்குக் குறித்திருந்த காஞ்சிப் பல்லவ மன்னன், கனவில் வந்த கட்டளையால் இவ்வூர் வந்து, "பூசலார் அமைத்த கோயில் எங்கே?" என்று கேட்டான். ஊராருக்குத் தெரியவில்லை!

இது நம் அகீதாவைச் சார்ந்த கதையன்று. ஆயினும் ஊரார் திகைத்த காரணம் வரலாற்று மாணவனுக்கு முக்கியமானது. அக்காலத்தில் வழிபாடு என்பது கண்ணால் கண்டு, அளந்து, கல்லில் வெட்டி வைக்கும் பொதுக்காரியம். சோழர் கல்வெட்டுகளில், ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் விடப்பட்டதைப் பல இடங்களில் காணலாம். 'சாவா மூவாப் பேராடு' என்பது அவற்றின் பெயர். கிழடு கழிந்தாலும் குட்டிகள் ஈடுசெய்யும், எண்ணிக்கை குறையாது. (என்ன அழகான கணக்கு!) நெய் அளப்பது இடையர் கடமை.

இன்றோ மதம் என்றால் இரண்டுதான் நினைவுக்கு வருகின்றன. ஒன்று, விண்ணப்பத்தில் நிரப்பும் கட்டம். 1871இல் சென்னை மாகாணத்தில் ஆங்கில அரசு எடுத்த மக்கள்தொகைக் கணக்கு முதல், ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு மதத்தின் பெயரில் எண்ணப்பட்டனர். நாகூரில் நேர்ச்சை செலுத்தும் இந்துச் சகோதரரின் அச்செயலுக்கு அக்கட்டத்தில் இடமில்லை. மற்றொன்று, உள்ளத்து நம்பிக்கை. "மனம் சுத்தமாக இருந்தால் போதாதா, தொழுகை எதற்கு?" என்று நம் வீட்டுப் பிள்ளைகளே கேட்கின்றார்கள் அல்லவா? அது இக்காலத்துக் கேள்வி.

பூசலார் கதையையும் இன்று பலர் அவ்வாறே, சடங்கு வேண்டாம் என்பதற்குச் சான்றாகச் சொல்கின்றனர். எனக்கு அது சரியாகத் தோன்றவில்லை. அவர் முதலில் தேடியது பொருளைத்தான். மனத்தில் கட்டியபோதும் அடித்தளம், மதில், கிணறு, குளம் என எதையும் விடவில்லை. நல்ல நாள் பார்ப்பதைக்கூட விடவில்லை.

நம் ஃபிக்ஹு நூல்கள் நோயாளியின் தொழுகையைப் பேசும் இடத்தையும் பாருங்கள். நிற்க இயலாதவர் அமர்ந்து தொழுவார். அதுவும் இயலாதவர் படுத்துச் சைகையால் தொழுவார். கண்ணிமையும் அசையாத நிலையில், அறிவு தெளிவாக இருக்கும்வரை, நிற்றல், ருகூவு, சுஜூது ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தம் இதயத்தில் நடத்த வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம்.